பிஸ்கட் டப்பாவில் புளியங்கொட்டை

"அப்பா துபாயிலிருந்து போனில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறான் டீச்சர், தலையை மட்டும் ஆட்டுகிறான்." 22 ஆண்டு அங்கன்வாடியில் இருந்தபோது தாய்மார்கள் அடிக்கடி சொன்ன குறை இது. பிடிவாதம் என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். தான் தலையாட்டுவது அப்பாவுக்கும் தெரிகிறது என்றுதான் அவன் நம்புகிறான்.

தனக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது சின்னப் பிள்ளைக்கு இன்னும் புரியாது. அதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். படம் போட்ட பிஸ்கட் டப்பாவில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைப் போட்டு மூடுங்கள். குலுக்காமல் காட்டி, "உள்ளே என்ன?" என்று கேளுங்கள். "பிஸ்கட்" என்று கை நீட்டுவான். திறந்து காட்டி, மறுபடி மூடுங்கள். "அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. வந்ததும் இந்த டப்பாவைப் பார்த்து, உள்ளே என்ன இருப்பதாக நினைப்பாள்?"

மூன்று வயதில் பெரும்பாலும் "புளியங்கொட்டை" என்றே விடை வரும். "திறப்பதற்கு முன் நீ என்ன நினைத்தாய்?" என்றாலும் அதே புளியங்கொட்டைதான்! நான்கு, நான்கரை வயதில் "பிஸ்கட்" என்பான். வெளியே போன சிறுவனின் சாக்லேட்டை அம்மா இடம் மாற்றி வைக்கிறாள். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? இந்தக் கதையைச் சொல்லி உளவியலாளர்கள் ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் 1983-இல் வெளியிட்ட ஆய்விலும், மூன்று வயதுப் பிள்ளைகள் தவறாகவே சொன்னார்கள்; பழைய இடத்தில்தான் தேடுவான் என்ற சரியான விடை நான்கு முதல் ஆறு வயதுக்குள் வரத் தொடங்கியது.

தவறாகச் சொன்னால் சிரிக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அன்றாடப் பேச்சில் 'நினைத்தாள்', 'மறந்துவிட்டார்', 'தெரியாது' ஆகிய சொற்களைத் தாராளமாகப் புழங்குங்கள். "தாத்தா கண்ணாடி மேசையில் இருப்பதாக நினைத்துத் தேடுகிறார். அலமாரியில் இருப்பதை நீதான் பார்த்தாய், அவர் பார்க்கவில்லை."

மற்றவர் மனதைக் கவனிப்பது கைக்குழந்தையிடமே தொடங்கிவிடுகிறது. ஒரு வயதை ஒட்டி விரல் நீட்டிக் காக்காயைக் காட்டும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நீங்களும் காக்காயைப் பாருங்கள். நீங்கள் பார்த்தீர்களா என்று குழந்தை உடனே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்; அந்தப் பார்வையைத் தவறவிடாதீர்கள்.

ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக் காட்டாவிட்டால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு தாயிடம் "பொறுத்துப் பாருங்கள்" என்று நானே சொல்லி ஓர் ஆண்டு வீணாயிற்று. இன்றும் உறுத்துகிறது.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் சோதிப்பதானால் டப்பாவையும் உள்ளே வைப்பதையும் மாற்றிவிடுங்கள். பழைய டப்பாவைக் கண்டாலே "புளியங்கொட்டை!" என்று கத்திவிடுவான்.