பிள்ளைக்கு முதல் ரிமோட் விமானம்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படித் தொடங்குவது

அக்கா மகனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு போர் விமானம் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில் படம் அவ்வளவு அழகு. ஞாயிறு காலை அறுவடை முடிந்த வயலுக்கு எடுத்துப் போனோம். மூன்றாவது முறை வீசியபோது மூக்கு மண்ணில் குத்தி, இறக்கை அடியோடு முறிந்துவிட்டது. அவன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "மாமா, நான் தப்பா விட்டுட்டேனா?" என்று கேட்டான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

அதன் பிறகு எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு விமானம் வாங்க உதவியிருக்கிறேன். இப்போது முதலில் பார்ப்பது இரண்டே விஷயம்: எவ்வளவு மெதுவாகப் பறக்கும், விழுந்தால் என்ன ஆகும்.

படி 1: வயதுக்கு ஏற்ற சேனல்

ரிமோட்டிலிருந்து தனித்தனியாக எத்தனை கட்டளை கொடுக்க முடியுமோ, அத்தனை சேனல். இரண்டு சேனல் விமானத்தில் பெரும்பாலும் இரண்டு மோட்டார் இருக்கும். வலது மோட்டார் வேகமாகச் சுற்றினால் இடப்பக்கம் திரும்பும். இரண்டும் வேகமெடுத்தால் மேலே ஏறும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும். ஆனால் மூக்கை ஏற்றி இறக்கத் தனிக் கட்டுப்பாடு கிடையாது. காற்று கொஞ்சம் வீசினாலும் அதன் போக்கில் போய்விடும்.

பத்து வயதுக்கு மேல் என்றால் மூன்று சேனல் வாங்குங்கள். மோட்டார் வேகம், ஏற்ற இறக்கம், திருப்பம் மூன்றும் கையில் இருக்கும். நான்காவது சேனலில் வருவது எய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பட்டை. அதை இரண்டாவது விமானத்தில் பார்த்துக்கொள்ளலாம். பல பெட்டிகளில் 14 வயதுக்கு மேல் என்று அச்சிட்டிருக்கும். அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

படி 2: வடிவம்

இறக்கை உடலின் மேலே இருக்க வேண்டும். அதன் இரண்டு நுனியும் லேசாக மேல்நோக்கி இருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்ட விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் ரிமோட்டின் குச்சியை விட்டால் தானே நிமிரப் பார்க்கும். ஜெட் வடிவம் அப்படி இல்லை. வேகமாகப் போனால்தான் அதற்குத் தூக்கு விசை கிடைக்கும், பிள்ளைக்கு யோசிக்க நேரமே இருக்காது.

விசிறி பின்னால் இருந்தால் மூக்கு குத்தி விழுந்தாலும் அது தப்பிக்கும். 600 மில்லிமீட்டர் இறக்கை கொண்ட வோலன்டெக்ஸ் ரேஞ்சர் அந்த வகை. டபிள்யூஎல்டாய்ஸ் எஃப்949 மேல் இறக்கை கொண்ட மூன்று சேனல் விமானம், ஆனால் விசிறி முன்னால் இருக்கும். அதற்கு உதிரி விசிறி கூடவே வாங்கி வையுங்கள்.

படி 3: ஃபோமை வளைத்துப் பாருங்கள்

ஃபோமில் இரண்டு வகை உண்டு. டிவி பெட்டிக்குள் வருமே, உதிர்ந்து மணி மணியாகக் கொட்டும் தெர்மாகோல், அது இபிஎஸ். இன்னொன்று இபிபி. வளையும், விட்டால் பழைய நிலைக்கு வரும். கடையில் கேட்டுவிட்டு இறக்கை நுனியை இரண்டு விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் இபிபி. முறுக்கென்று விறைத்து நின்றால் அதற்கு மேல் அழுத்தாதீர்கள், உடைந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் விவரத்தில் இபிபி என்று இருக்கிறதா பாருங்கள். எழுதவே இல்லை என்றால் எனக்கு அது வேண்டாம்.

படி 4: கைரோ

விமானம் சாய்வதை உணர்ந்து தானே சரிசெய்யும் சின்னச் சில்லு இது. தொடக்கநிலை, நடுநிலை என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் நல்லது. பிள்ளைக்கு இது பெரிய துணை, தயங்காமல் வாங்குங்கள்.

படி 5: பேட்டரி

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். இந்த விமானங்களில் வருவது லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு செல் 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2. மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். அதனால் மோட்டார் சோர்ந்தது தெரிந்த உடனே இறக்கிவிட வேண்டும்.

பேட்டரியின் கொள்ளளவை எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று போட்டிருப்பார்கள். 400 எம்ஏஎச் பேட்டரியை 0.4 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கூட வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். மெத்தை, சோபா மேல் வேண்டவே வேண்டாம். வெறும் தரையில் வைத்து, கண் எதிரிலேயே சார்ஜ் செய்யுங்கள். பறந்து வந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும். உப்பிப்போன பேட்டரியை மறுபடி தொடவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள். சார்ஜ் செய்யும் வேலை பெரியவர்களுடையது, பிள்ளையிடம் விடாதீர்கள்.

ஒரு பேட்டரியில் பத்து நிமிடம் பறந்தாலே பெரிய விஷயம். உதிரியாக இரண்டு வாங்குங்கள். வாங்கும் முன்பே அதே பேட்டரி நம் ஊரில் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

படி 6: இடமும் நேரமும்

கால்பந்துத் திடல் அளவு வெட்டவெளியாவது வேண்டும். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் காற்று அடங்கியிருக்கும். மரத்தில் இலை விடாமல் அசைந்தால் அன்றைக்கு வேண்டாம். ஆடி மாதத்தில் நாங்கள் வெளியே எடுப்பதே இல்லை.

மின்கம்பி இருக்கும் பக்கமே போகாதீர்கள். கம்பியில் மாட்டிக்கொண்டால் விமானம் போனது போனதுதான். கம்பு, தோட்டி எதையும் எடுக்கக் கூடாது. பிள்ளைக்கு இதை வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் ரிமோட் விமானத்துக்கும் பொருந்தும். அவற்றின்படி 250 கிராம் வரை எடையுள்ளவை நானோ வகை. நானோ வகையை இயக்க பைலட் உரிமம் தேவையில்லை. ஆனாலும் விமான நிலையம், ராணுவ இடம் பக்கத்தில் பறக்கவிடக் கூடாது. அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: முதல் பறப்பு

பேட்டரியைப் பொருத்திவிட்டு, இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் விரல் நுனி வைத்துத் தூக்குங்கள். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே விரல் இருக்கட்டும். விமானம் சமமாக நிற்க வேண்டும், மூக்கு லேசாகத் தாழ்ந்தாலும் பரவாயில்லை. வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள்.

அப்புறம், பிள்ளைகளைக் குழப்புவது ஒன்று உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடும். அதற்கு ஒரே பாடம்: எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே திருப்பக் குச்சியைத் தள்ளு. இதை வீட்டுக்குள்ளேயே பழக்கலாம். நான் விமானத்தைக் கையில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்து மருமகனை நோக்கி நடந்து வருவேன். அவன் அணைத்து வைத்த ரிமோட்டில் குச்சியைத் தள்ளுவான். ஒரு வாரம் செய்தோம். வயலில் அவன் கை தானாகப் போனது.

முதலில் ரிமோட்டை ஆன் செய்யுங்கள், பிறகு விமானத்தை. பெரியவர் வயிற்றுப்பகுதியைப் பிடித்து, காற்று வரும் திசை பார்த்து, தரைக்குச் சமமாக வீச வேண்டும், வானத்தை நோக்கி அல்ல. விசிறி பின்னால் இருந்தால் விரல் அதன் வழியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னை உயரம் தாண்டிய பிறகு ரிமோட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். கீழே இறங்கும்போது முழங்கால் உயரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டால் புல்லில் வழுக்கி நிற்கும். ஓடிப்போய் எடுத்ததும் முதலில் விமானத்தின் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், அதன் பிறகுதான் ரிமோட்டை அணைக்க வேண்டும்.