கோம்பைக் குட்டியின் கடியை நிறுத்துவது எப்படி? (கடியை மட்டும், காவலை அல்ல)

கம்பம் பள்ளத்தாக்கில் நாய்க்குட்டி கடித்தால் யாரும் திட்ட மாட்டார்கள். "கோம்பை ரத்தம்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்று பெருமைப்படுவார்கள். கோம்பை என்ற காவல் நாய் இனத்துக்குப் பெயர் தந்த கோம்பை ஊரே எங்களுக்கு எட்டும் தூரத்தில்தான். செம்பழுப்பு உடம்பும் கருத்த மூஞ்சியுமாக ஒரு குட்டி வந்துவிட்டால், மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டக் காவலுக்குப் போகப்போகிறது, இப்போதே கடித்துப் பழகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆறாவது மாதத்தில் அதே நாய், ஜீப்பிலிருந்து இறங்கும் வேலையாட்களின் கெண்டைக்காலைப் பிடிக்கும். காவலுக்கு வேண்டியது குரைப்பும் கவனமும். சோறு போடுகிற கையைக் கடிப்பதற்கும் காவலுக்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் வீட்டுக் குட்டி கோம்பையும் நாட்டு நாயும் கலந்தது. அதனிடம் பலித்த முறை இது. சாப்பாடு, பூச்சி மருந்து, படுக்கை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. எட்டு வாரத்துக்கு முன் வாங்காதீர்கள்

இங்கே ஒரு மாதத்திலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது கூடப்பிறந்த குட்டிகளிடம்தான். ஓங்கிக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். தாயும் எழுந்து போய்விடும். இந்தப் பாடம் முடியாமல் வருகிற குட்டிக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். முன்பே வாங்கியாயிற்று என்றால் பரவாயில்லை, நாள் கொஞ்சம் கூடும்.

2. தூங்க விடுங்கள்

குட்டிக்கு ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரத் தூக்கம் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எழுப்பி எழுப்பி விளையாடினால், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது வட்டமடித்து ஓடிக் கண்டதையெல்லாம் கவ்வும். கோபம் என்று நினைக்காதீர்கள், தூக்கம் போதவில்லை. அந்த நேரத்தில் எந்தப் பயிற்சியும் ஏறாது. இருட்டான மூலையில் படுக்கவைத்துவிட்டு விலகுங்கள்.

3. வாய்க்கு வேலை கொடுங்கள்

மூன்று, நாலு மாதத்தில் 28 பால் பற்களும் ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இடைப்பட்ட காலம் முழுக்க ஈறு குறுகுறுக்கும். பழைய வேட்டித் துணியை முறுக்கி, பெரிய முடிச்சாகப் போட்டு, நனைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். கடையில் விற்கும் எந்தப் பொம்மையையும்விட இது மேல் என்பது என் கட்சி. துணி பிய்ய ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு முடிச்சு போடுங்கள். தோலில் செய்த எலும்பு வேண்டாம், ஊறியதும் துண்டாக விழுங்கிவிடும். வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பரிசுக்கு வேகவைத்த கோழி ஈரல், நக அளவுத் துண்டு. திராட்சை மட்டும் எக்காரணத்தாலும் வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை விளைகிற ஊர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இத்தனை பழம் வரை தின்னலாம் என்று கணக்கெல்லாம் கிடையாது. பந்தலுக்குக் கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கித் தின்ன விடாதீர்கள்.

4. கையை இழுக்காதீர்கள்

எல்லா வீட்டிலும் சறுக்குகிற இடம் இது. பல் பட்டதும் கை தானாக வெடுக்கென்று பின்னால் வரும். குட்டியின் கண்ணுக்கு அது ஓடுகிற எலி மாதிரி, விடாமல் துரத்தத்தான் தோன்றும். பெரும்பாலான கீறல்கள் இப்படி இழுப்பதால் விழுபவை.

பல் பட்டால் கையை அப்படியே அசையாமல் வையுங்கள். ஒரே சொல், ஒரே தடவை: "விடு". விட்டதா, உடனே ஈரல் துண்டு, கையோடு துணி முடிச்சு. விடவில்லையா, அல்லது விட்டுவிட்டுத் திரும்பக் கவ்வுகிறதா, பேசாமல் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். திட்டவோ முறைக்கவோ வேண்டாம், அதுவும் அதற்கு விளையாட்டுதான். முப்பது எண்ணிவிட்டுத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் விளையாடுங்கள். பத்து நிமிஷம் கழித்து வந்தால், ஏன் போனீர்கள் என்பதே அதற்கு மறந்திருக்கும். மறுபடி கடித்தால் மறுபடி எழ வேண்டும். சலிக்கத்தான் செய்யும்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடைக்காதீர்கள். தூக்கினால் கடிக்க இன்னொரு கையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும்.

சாத்துகிற கதவு இல்லாத வீடா? கழுத்துப்பட்டையில் மெல்லிய பருத்திக் கயிறு ஆறடி மாட்டித் திண்ணைத் தூணில் கட்டிவிட்டு விளையாடுங்கள். கடித்தால் இரண்டு எட்டு பின்னால் போனால் போதும், அதற்கு எட்டாது. மாட்டுக்கயிறு கனம், சங்கிலி பல்லுக்குக் கேடு. விளையாட்டு முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

கடி குறைவதற்கு முன் சில நாள் கூடும். நீங்கள் எழுந்து போவதைத் தடுக்க அது இன்னும் பலமாகக் கவ்விப் பார்க்கும். சரியாக அன்றைக்குத்தான் அப்பத்தா "பாவம்டா, பச்சப் புள்ள" என்று மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். ஓங்கிக் கடித்தால் மடி கிடைக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். ஆகவே முதலில் பழக்க வேண்டியது வீட்டு ஆட்களை. எங்கள் மதினி குமுளி தாண்டிக் கட்டப்பனைக்காரர், மலையாளத்தில் "கடிக்கல்லே" (கடிக்காதே) என்பார். அப்பா "ச்சீ போ" என்பார். பிள்ளைகள் கீச்சென்று கத்துவார்கள். எல்லாரும் "விடு" என்ற ஒன்றுக்கு வந்த பிறகுதான் குட்டிக்குப் பிடிபட்டது.

எல்லாக் கடியையும் ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள். முதலில் வலிக்கிற கடிக்கு மட்டும் எழுந்து போங்கள். அது மெதுவாகக் கவ்வப் பழகிய பிறகு, பல் பட்டாலே எழுந்து போங்கள்.

மூக்கில் சுண்டுவது, செருப்பை ஓங்குவது, வாயை அமுக்கிப் பிடிப்பது எல்லாம், கை வந்தாலே மிரண்டு கடிக்கிற நாயைத்தான் உண்டாக்கும். ரோசம் வர மிளகாய் கொடுக்கச் சொல்லும் பெரியவர்களிடம் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

5. கொலுசும் துடைப்பமும்

கொலுசுச் சத்தம் கேட்டால் எங்கள் குட்டி எங்கிருந்தாலும் வந்துவிடும். கொஞ்ச நாளைக்குக் கழற்றி வைப்பதே சுலபம். நைட்டியையோ வேட்டியையோ கவ்வினால் நடப்பதை நிறுத்திவிடுங்கள், இழுபறி கூடாது. கூட்டும்போது அதற்கு ஒரு முடிச்சைக் கொடுத்து மறுபக்கம் உட்கார வையுங்கள்.

பிறகு சேர்த்தது: "வலிக்கிற மாதிரி வீல் என்று கத்தினால் விட்டுவிடுமாமே?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சில குட்டி விடும். வேட்டைக் குணம் உள்ளதற்கு அந்தச் சத்தமே உற்சாகம். ஒரு தடவை கத்திப் பாருங்கள். பின்வாங்கினால் சரி, பாய்ந்து வந்தால் இனிமேல் கத்த வேண்டாம்.

சாப்பாட்டுக் கிண்ணத்தருகே உடம்பு விறைத்து உறுமுவது விளையாட்டுக் கடி அல்ல. கிண்ணத்தைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நடந்துபோய், போகிற போக்கில் ஈரல் துண்டு ஒன்றைப் போடுங்கள். குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: "குட்டிக் கடிதானே, ஊசி எதற்கு?" குட்டிக்கும் வெறிநோய் வரும். பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில் திரும்பப் போக வேண்டும், நடுவில் விடக்கூடாது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். தோட்டத்துக்கு ஏற்றி அனுப்புகிறவர்கள், அதைப் போட்டுவிட்டு ஊசி அட்டையையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.