இடி கேட்டால் டிஷ் வயரையும் கழற்றுங்கள்

வன்னியில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பகல் முழுக்க வெயில் எரித்துவிட்டு, பின்னேரம் இடியோடு மழை இறங்கும். வயலால் வந்தவர்கள் மேல் கழுவி, தேத்தண்ணியோடு ரிவிக்கு முன்னால் பாயில் இருக்கிற நேரமும் அதுதான். அம்மம்மாவின் நாடகம், பிள்ளைகளின் கிரிக்கெட் என்று அங்கே சின்னச் சண்டை நடக்கும். ஆனாலும் நாளில் எல்லோரும் ஒன்றாக இருக்கிற அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன வருடம் மின்னலில் எங்கள் ரிவி எரிந்துபோனது. பிளக்கைக் கழற்றித்தான் வைத்திருந்தோம். டிஷ் வயரை மட்டும் மறந்துவிட்டோம். வெட்டை வளவில் உயர நிற்கிற டிஷ்ஷிலிருந்து அந்த வயர் வழியாகவும் மின்னலின் தாக்கம் டிஷ் பெட்டிக்குள் வந்து, அங்கிருந்து ரிவிக்கும் போகும்.

அதனால் வானம் கறுத்து, தூரத்தில் முழக்கம் கேட்கும்போதே இரண்டையும் கழற்றிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிப் பாருங்கள். 3 செக்கன் என்றால் ஏறத்தாழ 1 கிலோமீற்றர். இடி கிட்ட வந்துவிட்டால் வயரைத் தொடவே வேண்டாம், ரிவி போனாலும் பரவாயில்லை. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்து மாட்டுங்கள்.

இடியில்லாத கனமழையிலும் சிக்னல் போகும். அது டிஷ் திரும்பியதால் அல்ல, மழைத்துளிகள் அலையை மறிப்பதால். நனைந்துகொண்டு போய் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள், மழை குறையப் படம் தானாக வரும்.