மினி டிராக்டருக்கு டிப்பர் டிரெய்லர்: பட்டறைக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

மேலூர், உசிலம்பட்டி பக்கம் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கண்மாய் வண்டலும் தொழு உரமும் அடித்துத் தீராது. 20 எச்.பி. டிராக்டருக்கு அளவாக டிப்பர் செய்ய வெல்டரைத் தேடும் முன், தாளில் படத்தை முடியுங்கள்.

முதலில் தொட்டி. 6 அடி நீளம், 4 அடி அகலம், 1¼ அடி உயரம் என்றால் 30 கன அடி. உதிரி மண் கன அடிக்குச் சுமார் 40 கிலோ, ஆக 1,200. தொட்டி எடை 300 சேர்த்தால் ஒன்றரை டன். மினி டிராக்டரே ஒரு டன் சுமாருக்குத்தான் இருக்கும். டிரெய்லருக்கு பிரேக் இல்லாவிட்டால் இறக்கத்தில் வண்டியையே தள்ளிவிடும். ஈர வண்டலை விளிம்பு வரை நிரப்பாதீர்கள்.

அடுத்து அச்சு. டிராக்டரில் மாட்டும் ஊக்கிலிருந்து அச்சு 7 அடியில் இருந்தால், தொட்டியின் நடுவுக்கு 8 அங்குலம் பின்னால் அச்சு வரட்டும். பாரத்தில் பத்தில் ஒரு பங்கு ஊக்கில் இறங்கும்.

தொட்டி சாய்வதற்கான கீலைப் பலர் தொட்டியின் கடைசியில் வைக்கிறார்கள். மண் ஒட்டிக்கொண்டு இறங்காவிட்டால் பாரம் அச்சைத் தாண்டிப் பின்னால் போய், டிராக்டரின் பின்புறம் தூக்கும். என் யோசனை: அச்சுக்கு ஓரடி பின்னால் கீல். அப்போது தொட்டியின் வால் கீழே இறங்கும். 45 டிகிரி சாய்வில் கிட்டத்தட்ட ஓரடி. அதற்கு இடம் விட்டுத் தொட்டியை உயர்த்துங்கள்.

தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கிதான் பலரும் சறுக்கும் இடம். ஆரம்பத்தில் படுத்தே இருப்பதால் அப்போதுதான் அதிக பலம் வேண்டும். 30 டிகிரியில் அதன் தள்ளுசக்தியில் பாதிதான் மேல்நோக்கி வேலை செய்யும். கீலிலிருந்து இரண்டரை அடியில் ஜாக்கியின் மேல்முனை பிடித்தால், நம் தொட்டிக்குத் தொடக்கத்தில் 2 டன் தள்ள வேண்டும். 50 மி.மீ. உள்விட்ட ஜாக்கி, சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தத்தில் 2.9 டன் தரும். உங்கள் டிராக்டரின் ஹைட்ராலிக் அழுத்தத்தைக் கையேட்டில் பாருங்கள்.

எவ்வளவு நீள ஜாக்கி? அடிக்கு ஓர் அங்குலமாக அட்டையில் தொட்டியையும் சட்டத்தையும் வெட்டி, கீலில் குண்டூசி குத்தித் தூக்குங்கள். மூடிய நீளமும் விரிந்த நீளமும் அளவுகோலில் தெரிந்துவிடும்.

சட்டத்துக்கு 100 × 50 மி.மீ. சி வடிவ இரும்புச் சேனல், தொட்டிக்கு 3 மி.மீ. தகடு போதும். தூக்கிய தொட்டியைத் தாங்க மடக்குக் கட்டை ஒன்று கட்டாயம்; அது இல்லாமல் அடியில் தலை நீட்டக் கூடாது. ரோட்டில் ஓட்ட டிரெய்லருக்கும் பதிவு வேண்டும்.

முதல் சோதனை வெறும் தொட்டியோடு, பிறகு பாதி மண்ணோடு, சமதரையில்.