கோச்சுக்கு ஆதரவு: அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சறுக்கும் இடங்கள்

2018இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வேந்தர் ஜான் ஷார்ப், புதிதாக வந்திருந்த அமெரிக்க ஃபுட்பால் (நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார். தேசிய சாம்பியன் பட்டத்துக்கான கேடயம் அது. ஆண்டு வர வேண்டிய இடத்தில் 20 என்று மட்டும் பொறித்து, மீதி இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். ஜெயித்ததும் நிரப்பிக்கொள்ள.

ஃபிஷருக்கு 10 ஆண்டுக்கு 7.5 கோடி டாலர் ஒப்பந்தம். இடையில் அனுப்பினாலும் முழுப் பணமும் கொடுத்தாக வேண்டும். 2021இல் அதை இன்னும் நீட்டித்தார்கள். 2023 நவம்பரில் அவரை நீக்கியபோது கொடுக்க வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். கேடயத்தில் அந்த இரண்டு இலக்கம் வரவே இல்லை.

முதல் தவறு இதுதான்: நீண்ட ஒப்பந்தத்தையே ஆதரவு என்று நினைப்பது. அது கோச்சைக் காப்பாற்றுவதில்லை. தோல்வி வரும்போது, கொடுக்க வேண்டிய தொகையைக் காட்டியே எல்லோரும் அவர் மேல் பாய்கிறார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 2022 செப்டம்பர் 11இல் கோச் ஸ்காட் ஃப்ராஸ்டை அனுப்ப 1.5 கோடி டாலர் கொடுத்தது. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அதில் பாதிதான் ஆகியிருக்கும். மூன்று வாரம்கூடப் பொறுக்க முடியாத அளவுக்கு உறவு கெட்டிருந்தால், அந்த ஒப்பந்தம் எதற்கு உதவியது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பயிற்சியாளருக்கு மேலே விளையாட்டுத் துறை இயக்குநர், அவருக்கு மேலே பல்கலைக்கழகத் தலைவர், அதற்கும் மேலே ஆட்சிக் குழு. பக்கத்திலேயே பணம் தரும் முன்னாள் மாணவர்கள். இதில் யார் பேச்சு கடைசிப் பேச்சு என்பது ஆளை எடுக்கும் முன்பே தெளிவாக வேண்டும். 2025 அக்டோபரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் (எல்எஸ்யூ), கோச் பிரையன் கெல்லியை நீக்கியது. அடுத்த கோச்சை இயக்குநர் ஸ்காட் வுட்வர்ட் தேர்வு செய்யமாட்டார் என்று மாநில ஆளுநரே பத்திரிகையாளர்கள் முன் சொன்னார். மறுநாள் வுட்வர்டும் பதவியில் இல்லை. இப்படி ஒரு இடத்துக்கு வர நினைக்கும் கோச், தன் மேலாளர் யார் என்றே கேட்க வேண்டியிருக்கும்.

இதைவிட மோசம், முதுகுக்குப் பின்னால் ஆள் தேடுவது. 2003 நவம்பர் 20. ஆபர்ன் பல்கலைக்கழகத் தலைவரும் இயக்குநரும் ஆட்சிக் குழுவினர் சிலரும் தனி விமானத்தில் லூயிவில் பக்கம் போய், அங்கே கோச்சாக இருந்த பாபி பெட்ரினோவை ரகசியமாகச் சந்தித்தார்கள். ஆபர்ன் கோச் டாமி டியூபர்வில் அப்போது வேலையில்தான் இருந்தார். அலபாமாவுடனான பெரிய ஆட்டத்துக்கு இரண்டே நாள். பெட்ரினோ முந்தைய ஆண்டுதான் டியூபர்வில்லுக்குக் கீழே வேலை பார்த்தவர்! ஆபர்ன் 28-23 என்று ஜெயித்தது, பயணம் அம்பலமானது, தலைவர் வில்லியம் வாக்கர் 2004 ஜனவரியில் ராஜினாமா செய்தார். அந்த ஆண்டு டியூபர்வில்லின் அணி 13 ஆட்டத்தில் 13ஐயும் ஜெயித்தது.

பணத்தில் இப்போது ஒரு புது விஷயம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர். அதில் ஃபுட்பாலுக்கு எவ்வளவு என்று கோச்சிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

சரி, நல்ல ஆதரவு எப்படி இருக்கும்? எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். ஃபிராங்க் பீமர் அங்கே கோச்சாக 1987இல் வந்தார். ஆறாவது ஆண்டு, 1992இல், 2 வெற்றி, 8 தோல்வி, ஒரு டிரா. போகச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. இயக்குநர் டேவ் பிரெய்ன் அவரை வைத்துக்கொண்டார். ஆனால் அப்படியே விடவில்லை. உதவிப் பயிற்சியாளர்களில் மாற்றம் வந்தது. அடுத்த ஆண்டு 9 வெற்றி. அதிலிருந்து 2015இல் ஓய்வு பெறும்வரை 23 பருவம் தொடர்ந்து, பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டத்துக்கு அணி தகுதி பெற்றது.

பொறுமை என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. 2018 மே 29இல் மேரிலாண்ட் பல்கலைக்கழக அணியின் பயிற்சியில், 19 வயது வீரர் ஜோர்டன் மெக்நேர் வெப்பத் தாக்கத்தால் விழுந்தார். உடனே குளிர்ந்த நீரில் இறக்கியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. ஜூன் 13இல் இறந்துபோனார். விசாரணைக்குப் பிறகும் அக்டோபர் 30இல் ஆட்சிக் குழு, கோச் டி.ஜே. டர்கினைத் திரும்ப வேலையில் வைக்கச் சொன்னது. அவர் அணியைச் சந்தித்தபோது வீரர்கள் சிலர் எழுந்து வெளியே போனதாகச் செய்தி வந்தது. மாணவர்களும் பெற்றோரும் கொதித்தார்கள். மறுநாள், தலைவர் வாலஸ் லோ ஆட்சிக் குழுவின் பேச்சை மீறி டர்கினை நீக்கினார். அந்தப் பையன் விழுந்து அதற்குள் ஐந்து மாதம் ஆகியிருந்தது.