ஆச்சி உண்மையில என்னென்ன குளிசை போடுறா? வயசான ஆக்களை வாட்டில அட்மிற் பண்ணேக்க மருந்து விபரம் எடுக்கிற விதம்

புதுசா வாட்டுக்கு வாற நேர்ஸ்மாருக்கு முதல் கிழமையிலயே நான் சொல்லிக்குடுக்கிறது இதைத்தான், ஏனெண்டா வயசான ஒராள் கட்டிலுக்கு வந்த முதல் அரை மணித்தியாலத்தில விடுற பிழை அவர் துண்டு வெட்டி வீட்டை போகும்வரைக்கும் கூடவே வரும்.

நானும் விட்டனான். ஒரு ஆச்சியின்ர கிளினிக் கொப்பியில சுகருக்குப் போடுற கிளிக்லசைட் 80 மில்லிகிராம் காலமையும் இரவும் எண்டு இருந்தது, அதை அப்பிடியே வாசிச்சன், டொக்டரும் எழுதினார், இரவுக் குளிசையை நான்தான் குடுத்தனான். விடியப்புறம் ரெண்டு மணிக்கு ஆச்சிக்கு வேர்த்து ஊத்துது, கூப்பிட்டா கதையில்லை, குத்திப் பாத்தா சுகர் 48க்கு இறங்கிப்போச்சு. டெக்ஸ்ரோஸ் ஏத்தி அவ கண் முழிச்ச பிறகு மகள் சொல்லுறா, "தலை சுத்துதெண்டு அம்மா ஆறு மாசமா காலமையில பாதி மட்டும்தான் போடுறவ மிஸ்". அட்மிற் பண்ணேக்க ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்த இரவு வந்திராது.

1. பையைக் கேளுங்கோ
கொப்பி மட்டும் காணாது. வீட்டில இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு சொப்பிங் பைக்குள்ள போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கோ, கண்ணுக்கு விடுற துளி, இன்சுலின், இன்ஹேலர், பூசுற மருந்து எல்லாம். நெடுந்தீவில இருந்து வந்தவையெண்டா திரும்பிப் போய் எடுக்க ஏலாது, வீட்டில நிக்கிற ஆளைக் கொண்டு ஒவ்வொண்டா போட்டோ எடுத்து வட்சப்பில அனுப்பச் சொல்லுங்கோ.

2. கேக்கிற விதம்
"இதைப் போடுறனீங்களோ ஆச்சி?" எண்டு கேட்டா எல்லாத்துக்கும் "ஓம் பிள்ளை" எண்டுதான் பதில் வரும். கதிரையை இழுத்து, காது நல்லாக் கேக்கிற பக்கமா இருந்து, கண்ணாடியையும் போடச் சொல்லிப்போட்டு "காலமை எழும்பினதில இருந்து படுக்கும்வரைக்கும் என்னென்ன போடுறனீங்கள், காட்டுங்கோ பாப்பம்" எண்டு கேளுங்கோ, அவவே கையால எடுத்துக் காட்டட்டும். பாதியா உடைக்கிறவவோ, சாப்பிடாட்டி விடுறவவோ, கடைசியா எப்ப போட்டவ? ரத்தம் உறையாமல் இருக்கப் போடுற வோபரினுக்கும் இன்சுலினுக்கும் அந்தக் கடைசி நேரம் கட்டாயம் வேணும். பிறகு பையையும் கொப்பியையும் வீட்டு ஆக்கள் சொல்லுறதையும் ஒண்டோட ஒண்டு வைச்சுப் பாருங்கோ, குறைஞ்சது ரெண்டு இடத்தில ஒத்து வரோணும்.

3. கனடா மருந்தும் நாட்டு மருந்தும்
எங்கட ஊரில இது இல்லாத வீடு குறைவு. பிள்ளையள் அனுப்பின ரைலினோல் போத்தலில அசெற்றமினோபன் எண்டு இருக்கும், அது எங்கட பனடோல்தான், ரெண்டும் பரசிற்றமோல். ஆச்சி ரெண்டையும் வேற வேற மருந்தெண்டு நினைச்சு சேர்த்துப் போடுவா. அட்வில் எண்டா இபுபுரோபன், பிரஷருக்கு லொசாட்டனும் சலம் போக புரூசமைட்டும் போடுற வயசான ஆளுக்கு அது கிட்னியை அடிச்சுப்போடும். சித்த வைத்தியரிட்ட எடுத்த சூரணம், லேகியம் எல்லாத்தையும் எழுதுங்கோ, ஆனா பேசாதேங்கோ, பேசினா அடுத்தமுறை ஒளிச்சுப்போடுவினம்.

4. எழுதேக்க
இன்சுலினுக்கு யூனிற் எண்டு முழுசா எழுதுங்கோ, யூ எண்ட ஒற்றை எழுத்து சைபர் மாதிரித் தெரிஞ்சா 10 யூனிற் 100 ஆகும். அரை எண்டா 0.5, முன்னுக்கு சைபர் வேணும், ஒண்டு எண்டா வெறும் 1, 1.0 எண்டு எழுதினா 10 ஆப் போகும். இருதயத்துக்குப் போடுற டிஜொக்சின், தைரொயிட்டுக்குப் போடுற தைரொக்சின் மைக்கிரோகிராமோ மில்லிகிராமோ எண்டு ரெண்டுதரம் பாருங்கோ. மூட்டு வாதத்துக்குக் குடுக்கிற மெதொட்ரெக்சேற் கிழமைக்கு ஒருக்காத்தான், என்ன கிழமையெண்டும் எழுதுங்கோ, நாளாந்தம் குடுத்தா ஆள் செத்தும் போகலாம்.

5. டொக்டரிட்ட சொல்லுறது
உங்கட லிஸ்ரையும் டொக்டர் மருந்து எழுதின சாட்டையும் பக்கத்தில வைச்சு, வித்தியாசம் ஒவ்வொண்டையும் கேளுங்கோ: "டொக்டர், வீட்டில அஸ்பிரின் போட்டவ, சாட்டில இல்லை, நிப்பாட்டினதோ விடுபட்டதோ?" பதிலை நோயாளியின்ர ரிக்கெற்றில (வாட்டுக் குறிப்பில) எழுதுங்கோ. 24 மணித்தியாலத்துக்குள்ள முடியோணும், வேற வாட்டுக்கு மாத்தேக்கயும் வீட்டை விடேக்கயும் திருப்பி. உலக சுகாதார நிறுவனம் 2017இல தொடங்கின மருந்துப் பாதுகாப்புத் திட்டத்தில மூண்டு விசயம் முக்கியமெண்டு சொன்னது: கன மருந்து சேர்த்துப் போடுறது, நோயாளர் வீடு, வாட்டு எண்டு இடம் மாறுறது, ஆபத்துக் கூடின நிலைமைகள். எங்கட ஆச்சி அட்மிற் ஆகேக்க மூண்டும் ஒரே கட்டிலில இருக்கு.

6. பழகிறது
ரீ நேரத்தில ரெண்டு ரெண்டு பேரா இருங்கோ. ஒராள் ஆச்சி. அவவின்ர பைக்குள்ள வெறும் பெட்டியள், அதில ரைலினோலும் பனடோலும் சேர்ந்து கிடக்கும், பாதியா உடைச்ச குளிசை ஒண்டு, செத்துப்போன மனுசன்ர பேரில பிரஷர் மருந்து ஒண்டு. மற்றவவுக்குப் பத்து நிமிசம். ஆச்சி தானாச் சொல்லக்கூடாது, கேட்டாத்தான் சொல்லோணும். பிறகு உண்மையான நோயாளர் முதல் அஞ்சு பேருக்கு சீனியர் ஒராள் பக்கத்தில வாய் திறக்காமல் இருப்பா, விட்டதை வெளியில வந்த பிறகு சொல்லித்தருவா, அதோட திரும்பி உள்ளுக்குப் போய் அதை நீங்களே கேக்கோணும்.