ஆய்வு முடிவை நம்புவதற்கு முன் குழுவைப் பாருங்கள்

மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறேன். ஆய்வேட்டைக் கொண்டுவரும் மாணவர்கள் முதலில் காட்டுவது பி வேல்யூவைத்தான் (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்). அது இருக்கட்டும், யார் எந்தக் குழுவுக்குப் போனார்கள், ஏன் போனார்கள் என்று முதலில் கேளுங்கள்.

1986-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சிறுநீரகக் கல் ஆய்வைப் பார்ப்போம். திறந்த அறுவை செய்த 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, 78 சதவீதம். முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை எடுத்த 350 பேரில் 289, அதாவது 83 சதவீதம். துளை முறைதான் மேல் என்று தோன்றுகிறது, இல்லையா?

ஒரு தாளை எடுத்துக் கல்லின் அளவுப்படி பிரித்து எழுதுங்கள். 2 செ.மீ.க்குக் குறைவான கல் என்றால், திறந்த அறுவையில் 87-க்கு 81 (93%), துளையில் 270-க்கு 234 (87%). பெரிய கல்லில் 263-க்கு 192 (73%), 80-க்கு 55 (69%). இரண்டிலுமே திறந்த அறுவைதான் முந்துகிறது! பெரிய கல்காரர்கள் பெரும்பாலும் கத்திக்குப் போனார்கள், சின்னக் கல்காரர்கள் துளைக்கு. கல்லின் அளவு சிகிச்சைத் தேர்வையும் தீர்மானித்தது, பலனையும் தீர்மானித்தது. அப்படி இரண்டு பக்கமும் கைவைப்பதுதான் கன்ஃபவுண்டர்.

சரி, திறந்த அறுவையே சிறந்தது என்று முடித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். அந்த அறுவைகள் 1972 முதல் 80 வரை நடந்தவை, துளை முறை அதற்குப் பின் வந்தது. காலமும் இன்னொரு கன்ஃபவுண்டராக இருக்கலாம்.

ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் தற்செயல் பிழை குறையும். கன்ஃபவுண்டரால் வரும் பிழை குறையாது, லட்சம் பேரைச் சேர்த்தாலும் அப்படியே நிற்கும். ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களே தவறாக அமைவதும் உண்டு. காபிக்கும் கணையப் புற்றுக்கும் முடிச்சுப் போட்ட 1981 அமெரிக்க ஆய்வில், ஒப்பீட்டுக் குழுவில் பலர் வயிற்றுக் கோளாறுக்காக அதே மருத்துவர்களிடம் வந்தவர்கள். காபியை ஏற்கெனவே குறைத்திருக்கக்கூடியவர்கள். அவர்களோடு ஒப்பிட்டால் புற்றுநோயாளிகள் அதிகம் காபி குடித்தவர்கள் போலத் தெரியும்.

உங்கள் ஆய்வில் முடிந்தால் குலுக்கல் முறையில் குழு பிரியுங்கள். முடியாவிட்டால், தரவு சேர்ப்பதற்கு முன்பே கன்ஃபவுண்டர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் அளந்து, மேலே செய்ததுபோல் பிரித்துப் பாருங்கள். அப்புறம் ஒன்று: சிகிச்சையின் விளைவாகப் பின்னால் வருவதை வைத்து இப்படிப் பிரிக்காதீர்கள். ரத்த அழுத்த மாத்திரை பக்கவாதத்தைத் தடுக்கிறதா என்று பார்க்கும்போது, மாத்திரை குறைத்த பிறகுள்ள அழுத்தம் ஒரே அளவாக இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டால் மாத்திரையின் பலனே கணக்கிலிருந்து போய்விடும்.